ஊராட்சியை நகரத்தோடு இணைக்கும்போது கிராமத்தில் என்னென்ன மாறுகிறது?

2025 புத்தாண்டையொட்டி தமிழ்நாடு அரசு உள்ளாட்சி எல்லைகளை மாற்றும் அறிவிப்புகளை வரிசையாக வெளியிட்டது. 16 மாநகராட்சிகளை விரிவாக்க 149 ஊராட்சிகளை இணைப்பது, 41 நகராட்சிகளைச் சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்த்துப் பெரிதாக்குவது, புதிதாக 13 நகராட்சிகளும் 25 பேரூராட்சிகளும் அமைப்பது என்று நீளமான பட்டியல். அடுத்து வந்த வாரங்களில் பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலக வாசலில் கிராமத்துப் பெண்கள் திரண்டு நின்றார்கள். "எங்க ஊரை டவுனோட சேர்க்காதீங்க" என்பதுதான் கோரிக்கை.

நகரத்தில் இருப்பவர்கள் பலருக்கு இது புரியவில்லை. ரோடு வரும், தண்ணீர் வரும், நிலத்துக்கு விலை ஏறும், இதை ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டார்கள். அறியாமை, யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெண்கள் சட்டத்தை நன்றாகவே புரிந்துகொண்டு பேசினார்கள் என்பதுதான் என் கருத்து. எல்லைக்கோடு நகர்ந்தால் தங்கள் வாழ்க்கையில் எதெல்லாம் சேர்ந்து நகரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் ஊரக உள்ளாட்சிக்கும் 74-வது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிக்கும் வழிசெய்தன; இரண்டும் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. ஓர் இடம் ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா, மாநகராட்சியா என்று முடிவெடுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு. 243க்யூ பிரிவு சில அளவுகோல்களைச் சொல்கிறது: மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்பது, பொருளாதார முக்கியத்துவம். இவற்றை மனதில் வைத்து அரசு அறிவிப்பு வெளியிடும். எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் எந்தத் தகுதி என்பதை மாநிலமே வைத்துக்கொள்ளலாம், மாற்றியும் கொள்ளலாம். 2024-ல் அப்படி மாற்றினார்கள். மாநகராட்சி ஆவதற்கு 3 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்றிருந்ததை 2 லட்சமாகக் குறைத்துச் சட்டத்திருத்தம் வந்தது. அந்த ஆண்டே புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி நான்கும் மாநகராட்சி ஆயின. 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை நகராட்சியிலும் காரைக்குடி நகராட்சியிலும் இருந்தவர்கள் தலா ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். மீதி எங்கிருந்து வரும்? சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்துதான். புதுக்கோட்டைக்கு 11 ஊராட்சிகள், நாமக்கல்லுக்கு 12, திருவண்ணாமலைக்கு 18, காரைக்குடிக்கு 2 பேரூராட்சிகளோடு 5 ஊராட்சிகள். நகரம் தானாக வளர்ந்து ஊர் வாசலுக்கு வந்த இடங்களும் இதில் உண்டு. நகரத்தின் தகுதியை உயர்த்துவதற்காக ஊரைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட இடங்களும் உண்டு.

இந்தத் தகுதி எவ்வளவு சுலபமாக மாறக்கூடியது என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. ஏனோ யாரும் அதைப் பேசுவதில்லை. 2004 ஜூனில் அன்றைய அரசு 561 பேரூராட்சிகளை ஒரே ஆணையில் சிறப்பு கிராம ஊராட்சிகளாக மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கு வரும் நிதி அந்த ஊர்களுக்கும் கிடைக்கட்டும் என்பதுதான் காரணம். 2006 ஜூலையில் அடுத்த அரசு அவற்றை மறுபடி பேரூராட்சிகளாக்கியது. இரண்டு வருடத்தில் அந்த ஊர்களில் மக்கள் செய்த தொழில் மாறிவிடவில்லை, வயல்கள் கட்டடமாகி மறுபடி வயலாகவும் இல்லை. மாறியது அரசாணை மட்டும்தான், ஆனால் எந்த நிதி வரும், எந்தத் திட்டம் கிடைக்கும் என்பது மொத்தமாக மாறியது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். நாட்டின் ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அது படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்து வந்தபோது இந்த ஊர்கள் ஊரகப் பட்டியலில் இல்லை.

அந்த வேலைக்குத்தான் இப்போது போராட்டம். 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டத்தில் ஊரகப் பகுதி என்றால் எது என்று தெளிவாக இருக்கிறது: நகர்ப்புற உள்ளாட்சியின் எல்லைக்குள்ளோ ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட் எல்லைக்குள்ளோ வராத இடம். அதனால் ஊராட்சி மாநகராட்சியோடு சேரும் நாளில் நூறு நாள் வேலை நின்றுவிடும். படிப்படியாகக் குறைப்பது, இரண்டு வருடம் அவகாசம் கொடுப்பது என்றெல்லாம் சட்டத்தில் எதுவும் கிடையாது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாக 125 நாள் வேலை என்று புதுச் சட்டம் நிறைவேற்றியது. அதுவும் கிராமப்புறத்துக்கு மட்டுமே.

பணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் 33,600. நூறு நாளும் கிடைப்பது அபூர்வம், பாதி நாள் கிடைத்தால் 16,800. இது பெரிய தொகையா என்று கேட்கலாம். காலையில் ஏரிக்கரைக்கோ வாய்க்கால் ஓரத்துக்கோ போய், பணித்தளப் பொறுப்பாளர் போனில் போட்டோ எடுத்து வருகையைப் பதிவேற்றுகிற வரை வெயிலில் நின்று, மண் வெட்டி, மதியம் மறுபடி போட்டோவுக்கு நின்று வீடு திரும்புகிறவர்கள் யார் என்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. தமிழ்நாட்டில் இந்த வேலையின் மனித நாட்களில் 85 சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையது. அதில் வயதானவர்கள் நிறைய. கட்டட வேலைக்கு இனி யாரும் கூப்பிடமாட்டார்கள், மில்லுக்குப் போகும் வேனில் ஏற முடியாது, வயலில் நடவு மெஷின் வந்துவிட்டது. இருப்பது இந்த வேலை ஒன்றுதான். பணம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது. மாத்திரை வாங்கப் பிள்ளையிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அப்புறம், நூறு நாள் வேலை இருப்பதால்தான் உள்ளூரில் விவசாயக் கூலியே இந்த அளவுக்காவது நிற்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

நகர்ப்புறத்துக்கும் இதே மாதிரி வேலைத்திட்டம் இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. 2022-ல் தமிழ்நாடு அரசு 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைச் சோதனை முறையில் சில பகுதிகளில் தொடங்கியது உண்மைதான். நல்ல முயற்சி, நான் அதை வரவேற்கிறவன். ஆனால் அது சட்டப்படியான உரிமை இல்லை. வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் உதவித்தொகை கேட்கும் உரிமையை 2005 சட்டம் கிராமத்துக்குக் கொடுத்தது. நகரத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சி இல்லாத ஓர் ஊரையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் என்று எண்ணுவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், அப்புறம் ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். கவனியுங்கள், ஆண் தொழிலாளர்கள். ஆண்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கும் கடைக்கும் போய்விட்ட பிறகு வயலையும் மாட்டையும் பார்த்துக்கொள்வது பெண்கள்தான். அவர்களின் வேலை இந்த அளவுகோலுக்குள்ளேயே வருவதில்லை. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். மாநிலத்தில் பாதி நகரமாகிவிட்டது என்று சொல்லும்போதெல்லாம் யாருடைய வேலையை வைத்து அதை நகரம் என்றோம் என்று கேட்க வேண்டும். உள்ளாட்சி இணைப்புக்கு இந்த மூன்று நிபந்தனைகள்தான் சட்டம் என்று இல்லை, ஆனால் விவசாயம் அல்லாத வேலை என்கிற அதே பார்வைதான் அரசியலமைப்பின் அளவுகோலிலும் இருக்கிறது. இணைத்ததும் முதலில் வேலையை இழப்பது இப்படி எண்ணாமல் விட்ட பெண்கள்.

வேலைக்கு அடுத்தபடி வீடு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கிராமத்துக்கு ஒரு பிரிவு, நகரத்துக்கு வேறு பிரிவு. மாநிலத்தின் கலைஞரின் கனவு இல்லம் ஊரகப் பகுதிக்கானது. கிராமப் பட்டியலில் பெயர் வந்து காத்திருக்கும் குடிசைக்காரர், ஊர் நகராட்சிக்குள் போனதும் வேறு பட்டியல், வேறு விதிமுறை, வேறு அலுவலகம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் ஊரக இயக்கம், நகர்ப்புற இயக்கம் என்று தனித்தனி ஏற்பாடு.

வரியைப் பற்றித்தான் ஆண்கள் அதிகம் பேசுகிறார்கள். ஊராட்சியில் சாதாரண ஓட்டு வீட்டுக்கு வீட்டுவரி பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நகர்ப்புறத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று மண்டலம் பார்த்துச் சொத்துவரி. 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்துவரியை 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள், பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம் என்ற கணக்கில் கூட்டும் விதியும் வந்தது. இதற்கு மேல் காலிமனை வரி, குப்பைக் கட்டணம், குடிநீர் இணைப்புக்கு டெபாசிட், பாதாள சாக்கடை வந்தால் அதற்கும் டெபாசிட். மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று வாங்கிப் போட்ட அஞ்சு சென்ட் மனைக்கு வருடாவருடம் வரி கட்ட வேண்டி வரும். வசதி கிடைத்த பிறகு வரி என்றால் ஒப்புக்கொள்ள ஆள் இருக்கிறது. வரி முதல் வருடமே வந்து, வசதி பத்து வருடம் கழித்து வருவதுதான் கோபத்துக்குக் காரணம். 2011-ல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளை இணைத்து 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அதில் 25 ஊராட்சிகளும் இருந்தன. அப்படிச் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பத்து வருடம் கழித்தும் பாதாள சாக்கடை வேலை முடியாமல் தோண்டிய தெருக்களில் மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

பயத்தில் பரவும் சில தவறான செய்திகளையும் இங்கே திருத்திவிடலாம். எல்லை மாறுவதால் ரேஷன் அட்டை போகாது, முதியோர் உதவித்தொகையும் மகளிர் உரிமைத் தொகையும் நிற்காது. பட்டா, சிட்டா, விஏஓ எல்லாம் வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. வருவாய் கிராமம் வேறு, ஊராட்சி வேறு. விவசாய மின் இணைப்பும் அப்படியே இருக்கும். போவது எது, போகாதது எது என்று அதிகாரிகளே ஊருக்கு வந்து முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதி பதற்றம் குறைந்திருக்கும்.

பணத்தைத் தாண்டிய இழப்பு ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பெரியதாகப் படுகிறது. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்கிறார்கள். ஓர் ஊராட்சிக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 15 உறுப்பினர்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால், மோட்டார் ஓடவில்லை என்றால், உறுப்பினரை டீக்கடையிலேயே நிறுத்திக் கேட்கலாம். மதுரை மாநகராட்சியில் 100 வார்டு. 2011 மக்கள்தொகையை வைத்தே பார்த்தால் சராசரியாக ஒரு வார்டுக்குப் பதினாலாயிரம் பேருக்கு மேல். மூவாயிரம் பேர் உள்ள ஊராட்சி அதில் சேர்ந்தால் அவர்களுக்கென்று ஒரு கவுன்சிலர்கூடக் கிடைக்கமாட்டார், இன்னும் நாலு ஊரோடு சேர்ந்து ஒருவரைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கவுன்சிலர் கட்சி சீட்டில் வருபவர். மேயரையோ நகராட்சித் தலைவரையோ 2022 தேர்தலில் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள், மக்கள் இல்லை.

149 ஊராட்சிகள் இணைந்தால் 149 தலைவர் பதவிகளும் அவற்றின் கீழ் உள்ள உறுப்பினர் பதவிகளும் இல்லாமல் போகின்றன. அவற்றில் பாதி பெண்களுக்கு ஒதுக்கியவை, ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியவை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்காச்சியேந்தல், இந்த நான்கு ஊராட்சிகளில் தலித் ஒருவர் தலைவர் ஆவதைத் தடுக்க 1996-லிருந்து பத்து வருடம் முறையான தேர்தலே நடக்கவிடவில்லை என்பது நமக்குத் தெரியும். 2006-ல்தான் அது முடிவுக்கு வந்தது. அவ்வளவு போராடிப் பெற்ற பதவி இது. இணைப்பில் அடிபடும் ஊராட்சிகளில் எத்தனை தனித் தொகுதிகள், அதற்கு ஈடாக நகர வார்டுகளில் எத்தனை வரும் என்று ஊர் ஊராகக் கணக்கு வைக்காமல் இணைப்பது தவறு. ஊராட்சியில் ஒரு வார்டையே தீர்மானிக்கும் அளவுக்கு இருக்கும் காலனித் தெரு, பெரிய நகர வார்டில் சேர்ந்ததும் சிறுபான்மை ஆகிவிடுகிறது.

கிராம சபையும் போகிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று இப்போது வருடத்தில் ஆறு முறை கூட வேண்டும். வரவு செலவைச் சபையில் வாசிக்க வேண்டும், பயனாளிகள் பட்டியலைச் சபையில் வைக்க வேண்டும். பல இடங்களில் இது சடங்காக நடக்கிறது என்பது உண்மை. ஆனால் 2024 நவம்பரில் மேலூர் பக்கம் அரிட்டாபட்டியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகளில் போட்ட தீர்மானம் என்ன செய்தது என்று பார்த்தோம். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தையே ரத்து செய்தது. போராட்டங்கள் பலவும் சேர்ந்துதான் அது நடந்தது, ஆனால் ஊர் மொத்தமும் கூடிச் சட்டப்படி ஒரு குரலில் சொல்ல இடமாக இருந்தது கிராம சபை. நகர்ப்புறத்துக்கு 2022-ல் பகுதி சபைகளைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சபைக்குக் கிராம சபையின் பலம் இன்னும் வரவில்லை.

ஊரின் பொதுச்சொத்து பற்றியும் சொல்ல வேண்டும். ஊரணி, குளம், மந்தை, புளியமரங்கள், கண்மாயில் மீன்பாசி குத்தகை, இவற்றில் வரும் வருமானம் ஊராட்சிக்குச் சின்னதாக இருந்தாலும் ஊர் கண் முன்னால் ஏலம் போய் ஊருக்குள்ளேயே செலவாகும். இணைந்ததும் அது நகர உள்ளாட்சியின் பொதுக் கணக்கில் சேரும். நகரத்துக்குக் குப்பை கொட்ட இடம், கழிவுநீர் சுத்திகரிக்க இடம் தேடும்போது புதிதாகச் சேர்ந்த பகுதியின் புறம்போக்குதான் முதலில் கண்ணில் படும். புனே அருகே உருளி தேவாச்சி இந்த அனுபவத்தை முழுசாகப் பார்த்த ஊர். புனே நகரத்தின் குப்பையை வருடக்கணக்காகச் சுமந்தது, 2017-ல் மாநகராட்சியோடு இணைத்தார்கள், சொத்துவரி ஏறியது, மக்கள் விடாமல் எதிர்த்தார்கள், கடைசியில் 2024-ல் பக்கத்து ஊரான ஃபுர்சுங்கியோடு சேர்த்துத் தனி நகராட்சியாகப் பிரித்துவிட்டார்கள். போட்ட கோட்டை அழித்து எழுத முடியும் என்பதற்கு இது சாட்சி.

எதிர்ப்பு சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். கேட்பார்கள், மனு வாங்குவார்கள். கிராம சபை ஏகமனதாக வேண்டாம் என்றாலும் அது அரசைக் கட்டுப்படுத்தாது. 1989-ல் மகாராஷ்டிரத்தின் கல்யாண் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்ளாட்சி எல்லை வகுப்பது சட்டமியற்றும் தன்மையுள்ள பணி, சட்டம் சொன்ன அளவுக்கு மேல் விசாரணை வாய்ப்பு கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. நீதிமன்றத்தில் இந்த விஷயம் அவ்வளவு சுலபமாக நிற்காததற்கு இதுதான் காரணம். அப்புறம் அறிவிப்பு வந்த நேரத்தையும் பாருங்கள். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். ஊரின் சார்பில் ஆட்சேபம் எழுத வேண்டிய மன்றமே இல்லாத நேரத்தில் ஆட்சேபம் கேட்டார்கள்.

எதையும் இணைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேடவாக்கம், கோவிலம்பாக்கம் மாதிரி சென்னையைச் சுற்றியுள்ள இடங்களில் அடுக்குமாடிகள் நிறைந்து பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு ஊராட்சி செயலரையும் சில தூய்மைக் காவலர்களையும் வைத்து அந்தக் குப்பையையும் கழிவுநீரையும் சமாளிக்க முடியாது. அங்கே உள்ளவர்களே இணைக்கச் சொல்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகளுக்குள் 79 ஆயிரத்துக்கும் மேல் குக்கிராமங்கள் இருக்கின்றன, சராசரியாக ஊராட்சிக்கு ஆறு. நகரத்தை ஒட்டிய மெயின் ரோட்டில் ஒரு குக்கிராமம் நகரமாகவே மாறியிருக்கும், அதே ஊராட்சியில் மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருப்பது கடலைக்காடும் ஆட்டுப்பட்டியுமாகவே இருக்கும். ஆனால் இணைப்பது முழு ஊராட்சியை. ரோட்டோரத்தின் வருமானத்தையும் அடர்த்தியையும் வைத்து உள்ளே இருப்பவரையும் நகரவாசி ஆக்கிவிடுகிறார்கள்.

குக்கிராமம் வாரியாகப் பார்த்து உள்ளே இருப்பவற்றைப் பக்கத்து ஊராட்சியோடு சேர்ப்பது முடியாத காரியம் இல்லை. இணைத்த பகுதிகளில் குறைந்தது ஐந்து வருடமாவது வேலை உறுதியைத் தொடர வேண்டும், அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்றால் மாநிலம் தன் நகர்ப்புற வேலைத் திட்டத்தை முதலில் அந்தப் பகுதிகளுக்குக் கொண்டுபோகலாம். குடிநீரும் தெருவிளக்கும் வந்த பிறகே புதிய வரி என்று ஆணையிலேயே எழுதலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31-ஓடு நிர்வாக எல்லைகளை உறையவைத்திருக்கிறார்கள். 2027 பிப்ரவரியில் தலைகளை எண்ணி முடிக்கும் வரை புதிய கோடுகள் வராது. எண்ணிக்கை வெளியானதும் அடுத்த சுற்று இணைப்பு கட்டாயம் வரும். அதற்குள் ஒவ்வொரு ஊராட்சியும் தன் குக்கிராமங்களின் பட்டியல், வேலை அட்டை வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை, பொதுச்சொத்தின் கணக்கு, தனித் தொகுதி விவரம் எல்லாவற்றையும் எழுதிக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிந்து நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வரும் நாளில் அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போக முடியும்.